உடன் செல்பவர்

வேறு ஏதாவது பெயர் போட்டிருக்கலாம். எல்லோரும் போடுவதுபோல ‘டெஸ்ட்’ என்றோ ‘ஏபிசி’ என்றோ போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருக்கலாம். யார் கேட்கப்போகிறார்கள்?

ஜெபா மேசைமேல் கிடந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு பச்சைப் பொத்தான், ஒரு சிவப்புப் பொத்தான். அவற்றுக்கு மேலே ஒரு வரி.

‘கிருபாகரன் வாசலில் காத்திருக்கிறார். அனுமதிக்கலாமா?’

அந்த வரியின் ஒவ்வொரு சொல்லையும் எழுதியவள் அவள்தான். ஆனால் இந்த முறை அதை அவள் அனுப்பவில்லை.

வெளியே மதியத்திலிருந்து விடாத மழை. அயனம்பாக்கம் ஏரி கரைவரை நிரம்பி, ஜன்னலுக்கு அப்பால் வானத்தோடு ஒரே சாம்பல் நிறமாகக் கிடந்தது. இன்னும் இருட்டவில்லை. இருட்டத் தொடங்கியிருந்தது, அவ்வளவுதான். உள்ளறையில் ஐந்து வயது மகள் ஜோவிதா மதியத் தூக்கத்திலிருந்து எழவில்லை.

குடியிருப்புச் சங்கத்துக்காக அவள் செய்துகொண்டிருந்த செயலி அது. கேட்டுக்கு யாராவது வந்தால் காவலாளி தன் போனில் பெயரைப் பதிவார். உடனே வீட்டுக்காரரின் போன் ஒலிக்கும். பச்சையை அழுத்தினால் வந்தவர் உள்ளே வரலாம். இத்தனை வாரங்களாக அந்தச் செயலி அவளுடைய போனுக்குள் மட்டும், யாரோடும் தொடர்பில்லாமல் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. சோதித்துப் பார்க்க ஒரு விருந்தாளி தேவைப்பட்டபோது அவள் விரல்கள் கிருபாகரனின் பெயரை அடித்தன.

இரண்டு மழைக்காலங்களுக்கு முன்பு குமணன்சாவடி தாண்டி நெடுஞ்சாலையில் லாரிக்கு அடியில் போன கணவனின் பெயர். அது மறுபடி ஒருதரம் தன் போனில் ஒளிர்வதைப் பார்க்க வேண்டும் என்றுதான். ஒளிர்ந்தது. பச்சையை அழுத்தினாள். ‘இணைப்பு இல்லை, பிறகு அனுப்பப்படும்’ என்று வந்தது. அந்தப் ‘பிறகு’ அவளுக்குப் பிடித்திருந்தது. வேலை முடிந்த பிறகும், சோதிக்க எதுவும் மிச்சமில்லாத போதும், படுக்கையில் கிடந்தபடி அவனை வாசலுக்கு வரவழைத்து, பச்சையை அழுத்தி, உள்ளே வா என்றிருக்கிறாள். எத்தனை முறை என்று கணக்கில்லை.

இன்று மாலைதான் செயலியைக் கிளவுட் சர்வரோடு இணைத்தாள். எங்கேயோ கண்காணாத ஊரில், குளிரூட்டிய கட்டிடமொன்றில் வாடகைக்கு எடுத்த இயந்திரம். இணைப்புக் கிடைத்த நொடியில் போன் டிக் டிக் என்று சத்தமிட ஆரம்பித்தது. தேங்கிக் கிடந்த அனுமதிகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மேலே போயின. இணைப்பதற்கு முன் சோதனைப் பதிவுகளைத் துடைக்க வேண்டும் என்பது புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஜெபா துடைக்கவில்லை. மறந்துவிட்டோம் என்றுதான் நினைத்தாள்.

இப்போது இது.

இன்டர்காமை எடுத்துக் கேட்டைக் கூப்பிட்டாள். காவலாளி இருதயராஜின் குரல் மழைச் சத்தத்தோடு வந்தது.

“சொல்லு மேடம்.”

“அண்ணே, எங்க வீட்டுக்கு யாரும் வந்திருக்காங்களா?”

“இன்னா மேடம் காமெடி பண்ற? இந்த மழைல கொசு வந்தாகூட கொட புட்ச்சிகினுதான் வரும். யாரும் இல்ல.”

“என் ஆப்புல ஏதாவது பதிஞ்சீங்களா?”

“அது எங்க கீது என் போன்ல? செக்ரட்டரி சார் போட்டுத் தரேன்னாரு, இன்னும் தரல. ஏன் மேடம், யார்னா வராங்களா? வந்தா மேல அனுப்சுடவா?”

ஜெபா திரையில் ஒளிர்ந்த பச்சைப் பொத்தானைப் பார்த்தாள்.

“கேட்டுட்டு அனுப்புங்கண்ணே,” என்றாள்.

இன்டர்காமை வைத்தபோது போன் அதிர்ந்தது.

‘கிருபாகரன் லிப்டில் இருக்கிறார். அனுமதி ஏற்கெனவே உள்ளது.’

இப்படி ஒரு வரியை அவள் எழுதியதே இல்லை. லிப்ட் என்ற சொல்லே அந்தச் செயலியில் எங்கும் கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம், மழைக்காலத்தில் எப்போதும் செய்வதுபோல லிப்ட் ஒருமுறை முனகிவிட்டு, கனமான எதையோ தூக்குவதுபோல மெதுவாக ஏறத் தொடங்கியது.

மடிக்கணினியைத் திறந்து சர்வருக்குள் போனாள். வரிசையாக அவன் பெயர். எல்லாவற்றையும் அழித்தாள். பக்கம் ஒருமுறை வெளுத்து, மறுபடி அதே வரிசையைக் காட்டியது. மறுபடி அழித்தாள். மறுபடி வந்தது. சர்வரையே நிறுத்தினாள். நிறுத்தப்பட்டது என்று வந்தது. எழுந்துபோய் வைஃபை பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள். போனின் டேட்டாவையும் அணைத்தாள். இனி இந்தப் போனுக்கு உலகத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை.

போன் அதிர்ந்தது.

‘மூன்றாவது மாடி. அனுமதி ஏற்கெனவே உள்ளது.’

நடைபாதையில் காலடிச் சத்தம். ஒரு கால் செருப்போடு, ஒரு கால் வெறுங்காலாக. டப்பென்று ஒன்று, ஈரமாக இழுபட்டு இன்னொன்று. அதற்கு முன்னாலேயே வாசனை வந்துவிட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்து மெஷினில் நின்றுவிட்டு வருகிறவனின் வாசனை, எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணை விட்டுப் போகாத அந்த எண்ணெய் வாசனை. அவன் சட்டைகளைத் துவைக்காமல் பீரோவில் வைத்து, முகம் புதைத்துப் புதைத்து அவள் தீர்த்துவிட்ட வாசனை. அதன் அடியில் வேறொன்றும் இருந்தது. மழையில் நனைந்த தார். நாட்பட்ட இறைச்சி.

ஜெபா கதவைப் பார்த்தபடி நின்றாள். இரண்டு தாழ்ப்பாளும் போட்டிருந்தது. முதுகெல்லாம் வியர்த்து ஒழுகியது. ஆனாலும் அவளுடைய ஒரு கை, அவளைக் கேட்காமலே எழுந்து, நெற்றியில் விழுந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கியது. அதை அவள் கவனித்தாள். பயத்தைவிட அந்தக் கைதான் அவளை அதிகம் நடுங்க வைத்தது.

சத்தம் கதவுக்கு வெளியே நின்றது.

மணி அடிக்கவில்லை. தட்டவில்லை. மழை மட்டும்.

‘உள்ளே.’

கதவு திறக்கவே இல்லை. தாழ்ப்பாள் அசையவில்லை. ஆனால் அறையின் காற்று மாறியது. கனத்தது. தரையில், கதவுக்கு இந்தப் பக்கம், ஒரு ஈரத் தடம். பிறகு இன்னொன்று. கண் முன்னால் தானாக முளைத்தது.

“கிருபா?” என்றாள். “கிருபா, நான் இங்க இருக்கேன்.”

தடங்கள் அவளை நோக்கி வந்தன. கண்ணை மூடிக்கொண்டாள். குளிர் ஒன்று தோளை உரசியது.

கடந்து போனது.

கண்ணைத் திறந்தபோது தடங்கள் உள்ளறைக்குள் போயிருந்தன. கையில் போன் அதிர்ந்தது. திரையில் இருந்தது வேறொரு பக்கம். பிள்ளைகள் தனியாகக் கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போகாதபடி, வெளியே விடுவதற்கு முன் தாயிடமோ தகப்பனிடமோ கேட்கும் பக்கம். செக்ரட்டரி கெஞ்சிக் கேட்டதால் படமாக மட்டும் வரைந்து வைத்திருந்தாள். அதற்கு இன்னும் உயிர் கொடுக்கவில்லை.

‘ஜோவிதா வெளியே செல்கிறாள். உடன் செல்பவர்: கிருபாகரன். அனுமதிக்கலாமா?’

என்னைப் பார்க்க வரவில்லை.

முதலில் அதுதான் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக வெட்கப்படக்கூட நேரமில்லை.

உள்ளறை வாசலில் ஜோவிதா நின்றாள். தூக்கம் கலையாத முகம். ஷூ போட்டிருந்தாள். தானாக நாடா கட்டத் தெரியாத பிள்ளை. இரண்டு நாடாவும் இறுக்கி முடிச்சிடப்பட்டிருந்தன. முடிச்சில் கறுப்பாக எண்ணெய். வலக்கை தலைக்கு மேலே தூக்கியிருந்தது, விரல்கள் எதையோ சுற்றி மூடியிருந்தன. பெரியவர் ஒருவரின் ஒற்றை விரலைப் பிள்ளைகள் பிடித்துக்கொள்வதுபோல. மூடிய விரல்களுக்கிடையிலிருந்து தண்ணீர் அவள் முழங்கைக்கு வழிந்தது.

“ம்மா, அப்பா கேக்காங்க. போய்ட்டு வரட்டா?”

“எங்கம்மா?”

ஜோவிதா தலையை அண்ணாந்து, தன் பக்கத்தில் இருந்த வெறுமையைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

“ரோட்டுக்கு.”

ஜெபா சிவப்பை அழுத்தினாள். ‘மறுக்கப்பட்டது.’

குழந்தையின் கை இறங்கவில்லை.

‘அனுமதிக்கலாமா?’

சிவப்பு.

‘அனுமதிக்கலாமா?’

சிவப்பு. ஓடிப்போய் மண்டியிட்டு மகளின் இடக்கையைப் பற்றினாள். அதுவும் குளிர்ந்திருந்தது. மறுகையில் போன். ஒவ்வொரு மறுப்புக்கும் இடையில் கேள்வி முன்பைவிடச் சீக்கிரம் வந்தது. கட்டைவிரலின் வியர்வையில் திரை வழுக்கியது. பச்சையும் சிவப்பும் பக்கத்தில் பக்கத்தில். ஒரே ஒருமுறை தவறினால் போதும்.

“ஓகே சொல்லும்மா,” என்றாள் ஜோவிதா. “அப்பாக்குக் கை வலிக்கிதாம்.”

வலக்கை இன்னும் கொஞ்சம் மேலே போனது. இழுபட்டுத் தோள் உயர்ந்தது. கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஷூவின் குதிகால்கள் தரையை விட்டு எழுந்தன. பிறகு நுனிகளும்.

போன் கேட்டது.

“விட மாட்டேன்,” என்றாள் ஜெபா. தூங்கப்போகும் பிள்ளையின் காதில் சொல்வதுபோல அவ்வளவு மெதுவாகச் சொன்னாள்.