வடக்கே ஏறிய நீர்

தெற்கே கடலைப் பார்த்துப் போயிருக்க வேண்டிய நீர், வடக்கே பால்பண்ணையின் ஆழ்துளைக் கிணற்றில் வந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சும்மா எடுத்து வைத்த மாதிரி அது. மெர்ரின் நீரைச் சோதிக்கும் இயந்திரத்தை மறுபடி ஓட்டினாள். அதே எண் வந்தது.

தென் ஆஸ்திரேலியாவில் மவுண்ட் கேம்பியர் ஊர்ப் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறைக்கு அடியில் நீர் எந்த வழியாகப் போகிறது என்று அறிய, பாறை இடிந்து உண்டான ஆழ்குளம் ஒன்றில் போன வாரம் கனநீர் ஊற்றியிருந்தார்கள். பார்க்கவும் குடிக்கவும் சாதாரணத் தண்ணீர்தான். அதிலுள்ள ஹைட்ரஜன் மட்டும் கொஞ்சம் கனமான வகை. எங்கே தலைகாட்டினாலும் இயந்திரம் காட்டிக்கொடுத்துவிடும். மெர்ரினின் கணவன் கோரின் முக்குளிக்கப் போய்த் திரும்பாததும் அதே குளத்தில்தான். தேடப் போனவர்கள் நீருக்கடியில் குகை குறுகிய இடத்தோடு கைவிட்டுவிட்டார்கள். நீர் போகும் வழி தெரிந்தால் அவன் கிடக்கும் இடம் தெரியும் என்று நம்பினாள். புதைக்க ஓர் உடல் கிடைத்தால் போதும் அவளுக்கு.

“குளத்துல ஊத்தினது யாரு?” என்று கேட்டான் கூட வேலை செய்யும் டீக்.

“நான்தான்.”

“மாதிரி எடுத்தது?”

“அதுவும் நான்தான்.”

“ஊத்தின கை பாட்டிலைத் தொடக்கூடாதுன்னு புதுசா வர்றவங்களுக்குப் பாடம் எடுக்கிறது நீதானே? ஊருக்குத்தான் உபதேசமா? உன் சட்டையிலயே ஒட்டிக்கிட்டு வந்திருக்கும். நகரு, நான் போய் எடுக்கிறேன்.”

புதுக் கையுறை, புது பாட்டில்களோடு போனவன் வெயில் சாயும்போது திரும்பினான். வடக்கே மூன்று கிணறுகள். மூன்றிலும் கனநீர் இருந்தது. போகப் போகக் கரைந்து குறைய வேண்டியது, ஒவ்வொன்றிலும் கூடிக்கொண்டே வந்தது.

“மேட்டுல ஏறுது, மெர்ரின். இந்தக் கோட்டை நீட்டினா உன் வீடுதான் வருது.” அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. “இன்னிக்கு எங்க வீட்டுக்கு வந்துடு. ஆட்டுக்கறி ரோஸ்ட் இருக்கு.”

“நாளைக்கு வரேன்.”

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் வருவது கோரினாக இருந்தால், வீட்டில் ஆள் இல்லாமல் போய்விடக் கூடாதே. இயந்திரத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள்.

காற்று நின்றுபோன அந்தி நேரத்தில், பைன் தோப்பின் நிழல் வேலியைத் தாண்டி முற்றம் வரை நீண்டு கிடக்க, சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டியின் வடிகாலிலிருந்து ஈரச் சுண்ணாம்பின் வாடை மெல்ல எழுந்து திரைச்சீலையிலும் ரொட்டியிலும் அவள் தலைமுடியிலும் ஏறிக்கொண்டிருக்க, சுவருக்குள் ஓடும் குழாய்கள் யாரோ விரல் நகத்தால் தட்டுவதுபோல விட்டுவிட்டுச் சத்தமிட்டன. தோட்டத்துக் கிணற்று நீரை இயந்திரத்தில் வைத்தாள். இருந்தது. கூரையில் பெய்யும் மழையால் மட்டுமே நிரம்பும் தொட்டியின் நீரை வைத்தாள். மண்ணோடு அதற்கு எந்த ஒட்டும் இல்லை.

அதிலும் இருந்தது.

அந்தத் தொட்டி நீரைத்தான் அவள் தினமும் குடித்தாள். சின்னக் குப்பியில் எச்சிலைத் துப்பி இயந்திரத்தில் வைத்தாள். காத்திருந்தாள்.

குளத்தில் ஊற்றியதைவிட அதிகம்.

தொண்டை கரகரத்தது. இருமினாள். வாயிலிருந்து தண்ணீர் வந்தது. குளிர்ந்த தண்ணீர், சுண்ணாம்புப் பொடியோடு. இன்னொரு வாய். இன்னொன்று. நிற்கவில்லை. மண்டியிட்டு விழுந்தாள்.

தரையில் விழுந்த நீர் பரவவில்லை. ஓர் ஆள் நீளத்துக்குத் தேங்கியது. அதிலிருந்து ஒரு தோள் எழுந்து வந்தது. முழங்கை வந்தது, மடங்கியது. ஈரமான விரல்கள் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டன.

முகம் மட்டும் இன்னும் வரவில்லை. அவளுக்கு மூச்சுவிட இடைவெளியும் கிடைக்கவில்லை.