ஏரியல் முடிச்சு

செய்தி வாசிப்பவர் எச்சில் விழுங்கினார்.

லோகநாயகி ரேடியோவின் அருகே குனிந்தாள். எழுபத்தொன்று டிசம்பர், எல்லையில் சண்டை. பட்டாளத்தில் லாரி ஓட்டும் அவள் கணவன் கன்னியப்பனிடமிருந்து கடிதமே இல்லை என்பதால், கோவில்பதாகையின் அந்தச் சின்ன வீட்டில் அவள் ஒரு செய்தியையும் தவறவிட்டதில்லை. ஆனால் இன்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அடியில், யாரோ வாயை மூடாமல் எதையோ மெல்வது போன்ற சத்தம், ஈரமாக, அவசரமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தது. மெல்ல மெல்ல அது குரலையே தின்றது.

பெட்டிக்குப் பின்னால் கைவிட்டாள். விரல்கள் வழுக்கின. ஜன்னல் வழியாக இறங்கும் ஏரியல் கம்பி நெடுக மஞ்சளாக ஏதோ வழிந்து, மேசையில் தோலாக உறைந்திருந்தது. கெட்டுப்போன கறியின் வாடை.

பக்கத்து வீட்டு பால்ராஜ் ஃபேக்டரிக்குக் கிளம்ப சைக்கிளைத் தள்ளிக்கொண்டிருந்தான். போன வாரம் ஏரியலைக் கட்டிக் கொடுத்தவன் அவன்தான்.

"அண்ணே, மொட்டைமாடி ஏரியல் முடிச்சுல இன்னா வச்சிக் கட்னே?"

"தார் கெடைக்கல தங்கச்சி. கறிக்கடைல கொயுப்பு வாங்கி, உருக்கி ஊத்தி, மேல சைக்கிள் டியூப சுத்திக்கீறேன். மழத்தண்ணி பட்டா செம்பு பச்சை பூத்துப் பூடும். இப்போ எமனே வந்தாலும் உள்ள பூர முடியாது."

"கம்பியோட ஊட்டுக்குள்ள வயியுதுண்ணே. நாறுது."

"ஜன்னலாண்ட கம்பிய வளைச்சு தாழ தொங்கவுட்ருக்கணும், வெளியவே சொட்டிருக்கும். அவசரத்துல இஸ்து கட்டிட்டேன்." சிரித்தான். "உன் ரேடியோவுக்கு கறிக்கொயம்பு கேக்குது போல. ஷிப்ட்டு முடிச்சுட்டு வந்து பாக்குறேன், தொடாதே."

அவளால் காத்திருக்க முடியவில்லை. சாயங்காலச் செய்தி வந்துவிடும். கத்தியை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள்.

தூறல். மூங்கில் கம்பத்தில், அவள் தலை உயரத்தில், முடிச்சு தொங்கியது. எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டியது, இப்போது கன்றுக்குட்டியின் தலை அளவுக்கு வீங்கியிருந்தது. டியூபின் இடுக்குகளில் கொழுப்பு பிதுங்கி, அதில் ஈக்கள் கால் புதைந்து செத்திருந்தன. தொட்டாள். மழையில் நனைந்த ரப்பர், ஆனால் வெதுவெதுப்பு.

டியூபை அறுத்தாள். கொழுப்பு கட்டிகட்டியாக அவள் பாதத்தில் விழுந்தது.

உள்ளே செம்பு இல்லை.

சதை. ஈறு போல வெளிர்ச் சிவப்பு. அதில் வரிசையாக, அரிசி அரிசியாக, பற்கள்.

அது திறந்தது. மூடியது.

கத்தியை ஓங்கினாள்.

கீழே, அணைக்காமல் விட்டிருந்த ரேடியோவில் பாட்டு நின்றது.

"லோகு."

கன்னியப்பன் மட்டும்தான் அவளை அப்படிக் கூப்பிடுவான்.

"குளுருது. மூடு."

அவள் கத்தியைத் தாழ்த்தவில்லை.

"வெட்டாதம்மே. ஊட்டுக்குத்தான் வந்துகினு கீறேன்."

கத்தி விழுந்தது. காலடியில் கிடந்த கொழுப்பை இரு கைகளாலும் வாரினாள். அப்பினாள். ரப்பரைச் சுற்றினாள். இறுக்கினாள்.

கடைசிச் சுற்றில் அவள் சுட்டுவிரல் உள்ளே மாட்டிக்கொண்டது. ஈறுகள் அதைக் கவ்வின. கடிக்கவில்லை. சப்பத் தொடங்கின.

கீழே, ரேடியோவில், யாரோ எச்சில் விழுங்கினார்கள்.

"இன்னும்," என்றது அவன் குரல்.

கண்களை மூடிக்கொண்டு, அவள் கையை மணிக்கட்டு வரை உள்ளே கொடுத்தாள்.