நோவுமானி பொய் சொல்லவில்லை

நோவுமானி பூச்சியம் காட்டியது. டாக்டர் எஸ்தர் மனோகரிக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? செவலைக் குதிரைக்குச் சாதாரண சளி என்று பதிந்துவிட்டுப் பையை மூடினார்.

மலைப்பாதைகளில் வண்டிகளைத் தடை செய்து பத்து வருடமாகிறது. மருந்தும் தபாலும் குதிரை மேல்தான் ஏறுகின்றன. ஒவ்வொரு லாயத்தின் கூரையிலும் ஒரு நோவுமானி. குதிரையின் இமை, காது, நாசியின் அசைவைப் படித்து வலியைப் பூச்சியம் முதல் பத்து வரை ஓர் எண்ணாகச் சொல்லும். மருத்துவர் முன்னிலையில் ஐந்தைத் தாண்டினால்தான் சிகிச்சை, அதுதான் சட்டம். மூக்கை முகர்வதும் முகத்தைத் தட்டிப் பார்ப்பதும் பட்டிக்காட்டு வைத்தியமாம்.

"டாக்டரம்மா, இடது மூக்குல மட்டும்தான் சளி வருது. அழுகுன வாடை வேற அடிக்குது," என்றார் குதிரைக்காரர் அஜீஸ்.

"மெஷினைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமா பாய்?"

அஜீஸ் வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

மூன்று வாரம் கழித்து அவரே கூப்பிட்டு அனுப்பினார். செவலையின் இடது கன்னம் புடைத்திருந்தது, கண் பிதுங்கியிருந்தது. அப்போதும் நோவுமானி ஒன்றுதான் காட்டியது. எஸ்தர் முதன்முறையாக விரலால் தட்டினார். வலப்பக்கம் காலிப் பானையாக ஒலித்தது, இடப்பக்கம் மொத்தென்றது. கடைவாய்ப் பல்லின் வேர் அழுகி, மேலிருந்த சைனஸ் அறை முழுக்கச் சீழ். சட்டத்தைப் பார்க்காமல் மரத்துப்போக ஊசி போட்டு, எலும்பில் துளையிட்டு, உப்புநீரால் கழுவினார். சீழ் தயிர்க்கட்டியாக வந்து விழுந்தது. குதிரை பிழைத்துக்கொண்டது. இடது கண் போய்விட்டது.

கருவியில்தான் கோளாறு என்று நிரூபிக்க, எஸ்தர் மூன்று வாரப் பதிவையும் திறந்தார். எட்டு, ஒன்பது, எட்டு. நாள் முழுக்க அப்படித்தான். அவர் லாயத்துக்குள் வந்த இரண்டு முறை மட்டும் எண் சரிந்திருந்தது. பயந்த குதிரை வலியைக் காட்டாது. அஜீஸ் உள்ளே வந்த நேரங்களையும் பார்த்தார். எட்டு, ஒன்பது, எட்டு. அவரிடம் அது எதையும் மறைக்கவில்லை.

எஸ்தர் மற்ற லாயங்களின் பதிவுகளையும் எடுத்தார். அவர் நலம் என்று எழுதிய நாற்பது குதிரைகளில் பதினொன்று, அவர் தலை மறைந்ததும் வலியில் துடித்திருந்தன.

"தப்பு என்னோடது பாய். அந்தப் பதினோரு குதிரையையும் இப்பவே பாக்கணும். வர்றீங்களா?"

அஜீஸ் செவலையின் கண்கட்டை மாற்றி முடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

"வரேம்மா. ஆனா நீங்க வாசல்லயே நின்னுக்குங்க."