தண்ணீர் சேராத களிம்பு

"பழைய களிம்பும் புதுக் களிம்பும் பாக்க ஒரே வெள்ளை. எனக்கு வெறுத்துப்போச்சு ஐயா," என்று நெலிடா இரண்டு டப்பாக்களைத் துப்பறியும் லியாண்ட்ரோவின் மேசைமேல் வைத்தாள்.

அன்கூத் துறையில் கடலுக்குள் மூழ்கிச் சிப்பி எடுப்பவர்களுக்குக் கைக்களிம்பு செய்து விற்பவள் அவள். உப்புநீரில் ஊறினாலும் கையை விட்டுப் போகாத களிம்பு. இந்த முறை போன சரக்கோ மூழ்கியதுமே கரைந்துபோயிற்று. கை வெடித்து ரத்தம் கசிந்தவர்கள் டப்பாக்களை அவள் வாசலில் வீசிவிட்டுப் போனார்கள். தண்ணீர் கலந்துவிட்டான் என்று களிம்பு கிண்டும் உலிசஸை அவள் வேலையை விட்டு அனுப்பினாள். அவன் அழுத அழுகைதான் அவளை இங்கே கொண்டுவந்திருந்தது.

லியாண்ட்ரோவின் உதவியாளர் இர்மா இரண்டையும் மோந்தாள், தேய்த்தாள், வெளிச்சத்தில் பிடித்தாள். "ஒரு வித்தியாசமும் தெரியல சார்," என்று சலித்துக்கொண்டாள்.

"தண்ணி கலந்ததைப் பார்த்தது யாரு?" என்று லியாண்ட்ரோ நெலிடாவைக் கேட்டார்.

"என் சித்தப்பா மகன், காஸ்டோன். வெளியதான் நிக்கிறான்."

காஸ்டோன் உள்ளே வந்தான். "கண்ணால பாத்தேன். முடிஞ்ச களிம்புல தண்ணிய ஊத்திக் கிண்டினான். மோர் மாதிரி கலந்துருச்சு."

லியாண்ட்ரோ பழைய நல்ல களிம்பை ஒரு கிண்ணத்தில் எடுத்துத் தண்ணீர் ஊற்றினார். "நீங்களே கிண்டுங்க."

காஸ்டோன் கை வலிக்கக் கிண்டினான். களிம்பு கட்டியாய்த் திரண்டது. தண்ணீர் தனியே நின்றது. புதுக் களிம்பில் துளி எடுத்து லியாண்ட்ரோ இன்னொரு கிண்ணத்துத் தண்ணீரில் விட்டார். தண்ணீர் பாலாகிவிட்டது.

"ரெண்டுமே எண்ணெயும் தண்ணியும்தான்மா," என்றார். "பழசுல தண்ணி துளித்துளியா எண்ணெய்க்குள்ள அடங்கியிருக்கு. வெளிய எண்ணெய்ங்கிறதால வேற தண்ணிய உள்ள விடாது. புதுசு அப்படியே தலைகீழ். வெளிய தண்ணி, அதான் கரைஞ்சு ஓடுது."

"அப்ப கையால கிண்டி நல்ல களிம்புல தண்ணி கலக்கவே முடியாது," என்றாள் இர்மா.

"ஆமா. இவர் பாத்ததாச் சொன்னது நடக்கல. இது ஆரம்பத்துலயே எண்ணெயை வெளிய நிறுத்துற சரக்குக்குப் பதிலா வேற சரக்குப் போட்டுக் கிண்டினது. சரக்கு வாங்குறது யாரு?"

நெலிடா தம்பியைப் பார்த்தாள். "இவன்தான்."

"மெழுகு கிடைக்கலக்கா," என்றான் காஸ்டோன் தரையைப் பார்த்தபடி. "சோப்புச் சரக்கை மெழுகுன்னு சொல்லிக் குடுத்தேன். உலிசஸ் சந்தேகப்பட்டுக் கேட்டான். நீ என்னைத் துரத்திருவேன்னு பயந்து பழிய அவன்மேல..."

நெலிடா நேரே உலிசஸ் வீட்டுக்குப் போனாள். அவன் மனைவி கதவைப் பாதிதான் திறந்தாள்.

"கலப்படக்காரன்னு பேர் வாங்கின ஊர்ல இருக்க மாட்டேன்னு காலைப் படகுல போயிட்டாரு."

"எங்கன்னு சொல்லும்மா. நான் போய்க் கூட்டிட்டு வரேன்."

"உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

கதவு சாத்திக்கொண்டது.