கறி என்ன தோலா?

சவுரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வராதா பின்னே?

அது வெள்ளைக்காரன் காலத்து ஆம்பூர். சவுரியின் அண்ணன் சூசைக்கு ஜோலார்பேட்டை ரயிலடியில் வேலை கிடைத்திருந்தது. அடுத்த வாரம் கிளம்ப வேண்டும். தனியாகப் பொங்கித் தின்னப் போகிறவனுக்கு உப்புக்கண்டம் போட்டுத் தரலாம் என்று ஆட்டுக்கறி வாங்கியாயிற்று. அம்மாவோ சித்தியின் பிரசவத்துக்குக் கணியம்பாடி போயிருந்தாள்.

"அம்மா இல்லேன்னா இன்னா? நான் போட்றேன்" என்று உட்கார்ந்தார் அப்பா தானியேல். தோல் பதனிடும் ஷாப்பில் பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்புப் போடுவதுதான் அவர் வேலை.

கறியை நீள நீளமாக அறுத்தார். பிறகு ஒரு கோணிப்பையை அவிழ்த்தார். சவுரி எட்டிப் பார்த்தாள். அழுக்கு உப்பு! அதில் ஆட்டு மயிர் வேறு!

"நைனா! இது தோலை உதறின உப்பாச்சே!"

"உப்புன்னா உப்புதான். ஷாப்புல சும்மா கெடந்துச்சு."

"மஞ்சள், பூண்டு, மொளகா?"

"அதெல்லாம் ருசிக்கு. நான் உப்புப் போட்ட தோலு ஒண்ணாவது அழுகிச்சா, கேட்டுப் பாரு!"

சவுரி கறிச்சட்டியை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"தோலு ஜனங்க காலுக்குப் போவுது. இது அண்ணன் வயித்துக்குப் போவுது! அங்க வயித்து நோவு வந்தா யாரு பாப்பாங்க?" அவள் கண்ணில் நீர் முட்டியது.

"இத்தனூண்டு புள்ளைக்கு வாயைப் பாரு!" அப்பாவுக்கும் ரோஷம்.

"சரி. அந்த உப்புல ஒரு கல்லு நீ வாயில போடு, பாப்போம்."

இதென்ன பிரமாதம் என்று அப்பா ஒரு கல்லை எடுத்தார். மூக்கருகே வந்ததும் கை நின்றது. முகம் சுளித்தது.

"உனக்கே குமட்டுது. அண்ணன் மட்டும் தின்னணுமா?"

அப்பா கோணிப்பையை இறுகக் கட்டி வெளியே வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு அம்மியின் முன்னால் உட்கார்ந்தார். சவுரி வீட்டு உப்பு, பூண்டு, காய்ந்த மிளகாய் எல்லாம் எடுத்துக் கொடுத்தாள். "மஞ்சள் கம்மி நைனா, இன்னும் வையி" என்று அதட்டினாள்.

அரைத்த விழுதைக் கறியில் அழுத்தித் தடவி, நூலில் கோத்து வெயிலில் கட்டினார்கள். அதற்குள் அப்பாவின் விரல் வெடிப்புகளில் மிளகாய் ஏறிவிட்டது.

"இன்னா பேஜாரு இது! எரியுதுடி கண்ணு!"

"நல்லா எரியட்டும்!" என்றாள் சவுரி. ஆனாலும் ஓடிப்போய்த் தேங்காயெண்ணெய் கொண்டுவந்து தடவினாள்.

கிளம்பும் நாளன்று சூசை சட்டியைத் திறந்து முகர்ந்தான். மொறுமொறுவென்று காய்ந்திருந்தது கறி.

"அம்மா கைமணம் அப்படியே இருக்குதே! யாரு போட்டது, நைனா?"

"உன் தங்கச்சிதான்" என்றார் தானியேல். "நான் அவகிட்ட கூலி வேலை பாத்தேன்."