சமனி இல்லாத ஓர் ஆட்டம்

காதுக்குப் பின்னால் சமனியை ஒட்டியதும் பிரமிளாவின் மனதில் வழக்கம்போல மூடுபனி இறங்கியது. எதிராளியின் சிந்தனை வேகத்தை அளந்து, வலுவான மூளையை அதே அளவுக்கு மந்தமாக்கும் சிறு வில்லை அது. அது இல்லாமல் போட்டிகளில் ஆடக் கூடாது என்ற சட்டத்தை முதலில் ஆதரித்தவளே அவள்தான். நாட்டின் முதல்நிலை சதுரங்க ஆட்டக்காரியாக இருந்தபோது ஜெயித்து ஜெயித்தே அலுத்துப்போயிருந்தாள். அவளோடு ஆட ஒருவரும் முன்வரவில்லை.

இப்போது எல்லோரும் வந்தார்கள். எல்லா ஆட்டமும் ஒன்றுபோலவே இருந்தது.

அன்று தூத்துக்குடி அரங்கில், ஆளுக்கு மூன்று நிமிட மின்னல் சதுரங்கம். எதிரே ஜெரால்டு, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். கடிகாரத்தை அழுத்தாமல் உட்கார்ந்திருந்தார்.

"போன வருசம் ஒங்கள ஜெயிச்சேன் மேடம். எம் மவ இன்னும் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறா."

"ஞாபகம் இருக்கு. நல்லா ஆடினீங்க."

"நான் ஜெயிச்சது ஒங்களத்தானா?"

அவள் விரல் காதுக்குப் பின்னால் இருந்த வில்லையைத் தொட்டது.

"ஒரே ஒரு ஆட்டம். அதக் கழத்திட்டு ஆடுங்க."

"ரெண்டு பேருக்கும் தடை விழும்."

"விழட்டும்."

மறுத்துப் பேசவும் களைப்பாக இருந்தது. வில்லையைப் பிய்த்தாள். பனி விலகியது; பலகை முழுதும் துலங்கியது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ராணியைச் சும்மா தூக்கிக் கொடுத்தாள். ஜெரால்டு ஆவலோடு வெட்டினார். அவளுடைய குதிரை பாய்ந்தது. அவருடைய ராஜாவுக்குப் போக இடமில்லை.

அவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ராணியக் கொடுக்கும்போதே முடிவு தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப போன வருசம் நான் ஜெயிச்சது என்னயத்தான்."

அதற்குள் நடுவரின் திரை சிவந்திருந்தது. இருவருக்கும் வாழ்நாள் தடை. சமனி அணிந்த எவரோடும் இனி ஆட முடியாது.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து, ஜெரால்டு பையிலிருந்து ஒரு காந்தப் பலகையை எடுத்தார்.

"தடை விழுந்த ரெண்டு பேரு தங்களுக்குள்ள ஆடக் கூடாதுன்னு சொல்லலயே மேடம்."

"மறுபடியும் தோப்பீங்க."

"தோத்துட்டுப் போறேன். எங்க தோத்தேன்னாவது தெரியும்லா."

பிரமிளா அருகில் உட்கார்ந்தாள். சமனி இல்லாமல் அவளோடு ஆட முன்வந்த ஒரே ஆள் இவர்தான். அவசரத்தில் அவர் அடுக்கியதில் ராஜாவும் ராணியும் இடம் மாறியிருந்தன. அவள் அவற்றைச் சரியாக வைத்துவிட்டு, ஒரு வெள்ளைச் சிப்பாயை முன்னே நகர்த்தினாள்.