ஒரே பாத்திரத்து உப்பு

தடால்!

சத்தம் கேட்டு அந்த மிலான் ஆய்வுக்கூடத்தின் எலிகள்கூட ஒரு கணம் உறைந்தன.

விழுந்தவள் ஒர்னெல்லா.

விழ வேண்டியவர், எதிரே முள்கரண்டியோடு விழித்துக்கொண்டிருந்தார். புரொஃபசர் எர்மான்னோ!

எட்டு மாதங்களுக்கு முன்...

பதினொரு வருட உழைப்பில் ஒர்னெல்லா கண்டுபிடித்தது இது. செல்லைத் தாங்கி நிற்கும் சட்டகத்தில் அடூசின் என்று ஒரு புரதம். அதன் மரபணுவில் ஓர் எழுத்து மாறினால் போதும்... சிறுநீரகம் உப்பை வெளியே விடாது. ரத்த அழுத்தம் எகிறும்.

கட்டுரை வெளியானது. எர்மான்னோ பெயரில்!

அவளுக்கு? கடைசிப் பக்கத்தில் ஒரு வரி நன்றி.

அந்த ஒரு வரியைப் படித்த கணமே அவருடைய ஆயுளைத் தீர்மானித்துவிட்டாள்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் ரத்தம் கொடுத்திருந்தார்கள். ஒட்டிய கவரில் வந்த முடிவை யாரும் பார்க்கக் கூடாது, தன்னுடையதைக்கூட. விதி. ஒர்னெல்லா எர்மான்னோவின் கவரை மட்டும் பிரித்தாள்.

மாறிய எழுத்து அதில் இருந்தது!

தன் கவரைத் தொடவில்லை. கொலை செய்யலாம், ஆராய்ச்சி விதியை இரண்டு முறை மீறலாமா?

மறுநாளிலிருந்து தினமும் அவருக்கு மதியச் சாப்பாடு அவள் கையால். ரிசோட்டோ என்கிற குழைந்த இத்தாலியச் சோறு. உப்பு தாராளம். சந்தேகம் வராதிருக்க, அதே பாத்திரத்திலிருந்து தானும் சாப்பிட்டாள். அவர் மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடிக்கும் நாளுக்காகக் காத்திருந்தாள்.

(உப்பைக் குறைக்கச் சொன்ன டாக்டரையே மாற்றியவன், இந்தக் கதையை எழுதும் நான். எனக்கே அந்தத் தட்டைப் பார்த்தால் பயம்.)

இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள். அழுத்தம் இருநூற்று இருபது. இடது கை அசையவில்லை.

எர்மான்னோ பக்கத்தில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினார். தன்னுடைய அழுத்தம் நூற்றுப் பதினைந்துதான் என்று டாக்டர் பாராட்டியதை வெட்கத்தோடு சொன்னார்.

ஒர்னெல்லாவுக்குப் புரியவில்லை. "உங்க ரத்தத்துல... அந்த எழுத்து..."

"எனக்கு ஊசின்னா பயம்மா. அன்னிக்கு நீ ரெண்டு ட்யூப் ரத்தம் குடுத்தியே... ஒண்ணுல என் பேரை ஒட்டிட்டேன்."

அப்படியானால் அந்த மாறிய எழுத்து... அவளுடையது!

"பாவி... அதையுமா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவளுடைய அசையாத கையை மெல்லத் தடவினார்.

"இன்னொண்ணும் மறைச்சுட்டேன், ஒர்னெல்லா. உன் சமையல்ல உப்பு ரொம்பத் தூக்கல். முதல் நாளே சொல்லியிருப்பேன்... உன் மனசு நோகுமேன்னு விட்டுட்டேன்."